குரலைக் காத்துவைப்போம்

(பங்காளர் கூட்டத்தில் அளிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மறைந்த வழக்கறிஞர் ஒருவரை, அதிலும் நிர்வாகக் குழுவில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவரை, எப்படி நினைவுகூருவது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இது சிறிய பொருள்போலத் தோன்றலாம். ஆனால் ஒரு ஸ்தாபனத்தின் ஞாபகசக்தியே இதில் அடங்கியிருக்கிறது.

மிஷன் ஸ்தாபனங்களில் வழக்கறிஞர்கள் செய்யும் ஊழியம் கண்ணுக்குத் தெரியாதது. குணமான நோயாளி மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லுகிறார். இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரின் முகம் அவருக்கு மறப்பதில்லை. ஆனால் நிலப்பத்திரத்தை வரி வரியாகப் படித்து, எல்லையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பின்னால் வரவிருந்த வழக்கை வராமலே தடுத்தவரை யாருக்குத் தெரியும்? வந்த வழக்கில் ஜெயித்தவருக்குப் பெயர் உண்டு. வராமல் தடுத்தவருக்குப் பெயர் இல்லை. சம்பளம் வாங்காமல், மாலை நேரத்தில் வந்து, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர் மறைந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? படத்துக்கு மாலை போடுகிறோம். மினிட்ஸ் புத்தகத்தில் இரங்கல் தீர்மானம் எழுதுகிறோம். எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனமாயிருக்கிறோம். இவை வேண்டியவைதான். ஆனால் இருபது வருஷம் கழித்து ஓர் இளைஞர் அந்தப் படத்தைப் பார்த்து, "இவர் யார்? என்ன செய்தார்?" என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்குமா? அதற்காகத்தான் வாய்மொழி வரலாறு என்னும் முறை இருக்கிறது. மனிதர் உயிரோடிருக்கும்போது அவரை உட்காரவைத்துக் கேட்டு, அவர் குரலிலேயே பதிவுசெய்து காப்பதே அது.

இந்த முறையின் பயனை விளக்க, ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. பெயர் பாலி மர்ரே. 1910-ல் பிறந்து 1985-ல் மரித்தவர். வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர், நாடறிந்த ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர். கடைசியில் குருவானவரும் ஆனவர். அவருடைய குரல் ஒலிநாடாவில் இருக்கிறது. அந்தக் குரல் எங்கே காக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

பாட்டியின் வாய்மொழி

பாலி மர்ரே பால்டிமோர் நகரில் பிறந்தார். தாயார் ஒரு செவிலியர். 1914-ல் தாயார் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதுதான். தகப்பனார் ஆசிரியர். நோயினால் மனம் பாதிக்கப்பட்ட அவரை அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே காவலாளி ஒருவன் அவரை அடித்துக் கொன்றான். பாலி அப்போது சிறுமி. குணமாவதற்காகப் போன இடத்தில் தகப்பன் கொல்லப்பட்ட செய்தி ஒரு பிள்ளையின் மனதில் என்ன செய்யும் என்பதை, மருத்துவ ஊழியத்தைத் தாங்குகிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாய் இறந்தபின் அவரை வளர்த்தவர்கள், வட கரோலினா மாநிலத்து டர்ஹாம் நகரில் வாழ்ந்த பெரியம்மாவும் தாத்தா பாட்டியும். பெரியம்மா பள்ளி ஆசிரியை. தாத்தா உள்நாட்டுப் போரில் அடிமைத்தனத்துக்கு எதிரான பக்கத்தில் போரிட்டவர். பின்பு விடுதலையான ஜனங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர். முதிர்வயதில் பார்வை இழந்தவர். பாட்டி கொர்னேலியா, அடிமையாகப் பிறந்தவர். சேப்பல் ஹில் ஊரில் உள்ள சிலுவை ஆலயத்தில் 1854-ல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. பதிவேட்டில் அவர் மேரி ரஃபின் ஸ்மித் என்ற எஜமானியின் அடிமைப் பிள்ளைகளில் ஒருத்தியாக எழுதப்பட்டிருக்கிறார். அதே எஜமானியின் சகோதரன், அந்த வீட்டிலிருந்த அடிமைப் பெண்ணைப் பலவந்தம்பண்ணியதால் பிறந்த பிள்ளை அவர் என்பதைப் பாட்டியின் வாய் சொன்னது. அந்தப் பிள்ளை ஆலயத்தில் உட்கார்ந்தது மேல்மாடத்தில், கீழே எஜமானர்கள்.

பாட்டி இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பேத்தி கேட்டுக்கொண்டார். வளர்ந்து வழக்கறிஞரான பின்பு, 1952-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலைக்கு மனுச்செய்தபோது, அவருடைய பழைய தொடர்புகளைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அவருக்காகப் பரிந்துரை எழுதினவர்களில் ஜனாதிபதியின் மனைவியாயிருந்த எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாரும் ஒருவர்! நான் யார், என் வேர் எது என்று நாட்டுக்குச் சொல்லவேண்டுமென்று அப்போது தீர்மானித்தார். பாட்டி சொன்னவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவுகளையும் பழைய ஆவணங்களையும் தேடிப்போனார். வழக்கறிஞர் அல்லவா! சாட்சி சொன்னதை ஆவணத்தோடு ஒத்துப்பார்த்தார். 'பெருமைமிகு காலணிகள்' என்று பொருள்படும் தலைப்பில் 1956-ல் அந்தக் குடும்ப வரலாறு புத்தகமாக வெளிவந்தது.

யோர்தானைக் கடந்த ஜனங்கள் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினதை நாம் வாசித்திருக்கிறோம். அங்கே கல் நாட்டினதோடு கட்டளை முடியவில்லை. இது என்ன கல் என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்கும்போது பெரியவர்கள் பதில் சொல்லவேண்டும் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. சொல்ல ஆளில்லாவிட்டால் அது வெறும் கல்.

மூடின கதவுகள்

1938-ல் மர்ரே சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு மனுப் போட்டார். அவருடைய இனத்தாரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. இதில் ஒரு விபரீதத்தைப் பாருங்கள். அவருடைய பாட்டியை அடிமையாக வைத்திருந்த மேரி ஸ்மித், தன் நிலத்தில் ஒரு பகுதியை அதே பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதிவைத்தவர். நிலம் உள்ளே போயிற்று. அந்த நிலத்தில் உழைத்தவர்களின் சந்ததிக்கு வாசல் அடைபட்டிருந்தது.

1940-ல் வர்ஜீனியா மாநிலத்தில் பஸ்ஸின் பின்பக்கத்து உடைந்த இருக்கைக்குப் போக மறுத்ததற்காக, தோழி ஒருவரோடு சேர்த்து அவரைக் கைதுசெய்தார்கள். அதன்பின் ஓடெல் வாலர் என்ற ஏழைக் குத்தகை விவசாயியின் மரணதண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டுக்காக ஊர் ஊராய்ப் போய்ப் பணம் சேர்த்தார். சபைகளிலும் நின்று காணிக்கை கேட்டார். 1942-ல் வாலருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்குக்காக அலைந்த நாட்களில்தான் சட்டம் படிக்கவேண்டும் என்ற தீர்மானம் அவருக்குள் உறுதியாயிற்று.

வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் 1941-ல் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். 1944-ல் முதல் மாணவராகத் தேறினார். முதலாவதாகத் தேறியவர் ஹார்வர்டுக்கு மேற்படிப்புக்குப் போவது வழக்கம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே அவருக்காகக் கடிதம் எழுதினார். ஆனால் பெண் என்பதால் ஹார்வர்ட் அவரைச் சேர்க்கவில்லை. சேப்பல் ஹில்லில் நிறம் தடை. ஹார்வர்டில் பெண்ணாய்ப் பிறந்தது தடை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்தப் படிப்பை முடித்தார்.

ஹோவார்டில் படிக்கும்போதே, வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் "தனித்தனியே, ஆனால் சமமாக" என்ற சட்டக் கொள்கையை நேருக்கு நேர் எதிர்க்கவேண்டும் என்று வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். 25 வருஷத்துக்குள் அது வீழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் 10 டாலர் பந்தயம் கட்டினார். பத்தே வருஷத்தில், 1954-ல், பள்ளிகளைப் பற்றிய பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டது. அந்த வழக்குக்கு ஆயத்தம்பண்ணினவர்கள், மர்ரே மாணவராக எழுதிக்கொடுத்த கட்டுரையை எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். அது பல வருஷங்களுக்குப் பிறகே அவருக்குத் தெரியவந்தது.

ஸ்திரீகள் கொடுத்த காணிக்கை

இனி நான் சொல்லப்போவது, காணிக்கை கொடுக்கிற உங்களுக்கு நேராக உரியது. அமெரிக்காவில் மெதடிஸ்ட் திருச்சபையின் மிஷன் வாரியத்தில் ஸ்திரீகளின் பிரிவு ஒன்று இருந்தது. நாடெங்கும் அவர்களுக்கு நிறுவனங்கள் இருந்தன. கறுப்பினத்தாரையும் வெள்ளையரையும் பிரித்துவைக்கும் பழக்கம் அவர்கள் மனச்சாட்சியைக் குத்தியது. எந்த மாநிலத்தில் அது சட்டத்தின் கட்டாயம்? எங்கே அது வெறும் வழக்கம்? வழக்கமாக மாத்திரம் இருக்கும் இடத்தில் தாங்களே அதை நிறுத்திவிடலாம் அல்லவா? இதை அறிய ஒரு வழக்கறிஞர் வேண்டும். நியூயார்க்கில் சிறிய அளவில் தொழில் நடத்திக்கொண்டிருந்த மர்ரேயிடம் வந்தார்கள்.

அந்தத் தாய்மார்கள் எதிர்பார்த்தது சிறு கைப்பிரதி. அவர் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டங்களைத் தேடித் தொகுத்துக் கொடுத்தது 746 பக்கப் புத்தகம். 1951-ல் அதை அச்சிட்டு வெளியிட்டவர்கள் அந்த மெதடிஸ்ட் ஸ்திரீகள்தான். கறுப்பின மக்களுக்காக வழக்காடிவந்த தர்குட் மார்ஷல், பின்பு 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர், தங்கள் வழக்கறிஞர்களுக்கு இது வேதபுத்தகம் போன்றது என்று சொன்னார். ஏதோ ஒரு சபையில் ஒரு தாயார் காணிக்கைத் தட்டில் போட்ட காசு, நாட்டின் சட்டத்தையே மாற்றிய வழக்கறிஞர்களின் மேஜைக்குப் புத்தகமாய் வந்து சேர்ந்தது. அந்தத் தாயாருக்கு அது தெரிந்திருக்குமா? கொடுத்தவர்களுக்கும் கொடுத்ததன் கதையைச் சொல்லவேண்டும். அதுவும் ஸ்தாபனத்தின் கடன்தான்.

நிர்வாகக் குழு உறுப்பினர்

1965-ல் மர்ரே, அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் என்னும் குடிமக்கள் உரிமைச் சங்கத்தின் தேசிய நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். 1973 வரை அதில் இருந்தார். அங்கே டாரதி கென்யன் என்ற மூத்த பெண் வழக்கறிஞர் பெண்களின் உரிமைக்காக நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார். இருவரும் கைகோத்தார்கள். இன வேற்றுமையை எதிர்க்கிற சங்கம், பெண்களை ஒதுக்குகிற சட்டங்களையும் எதிர்க்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் மாவட்டத்தில் 1965 ஆகஸ்டில் ஜோனத்தன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கறுப்பினப் பெண்ணைத் தள்ளிவிட்டுத் தான் குண்டை ஏற்றுக்கொண்டவர் அவர். சுட்டவனை விசாரித்த ஜூரியில் இருந்த 12 பேரும் வெள்ளை ஆண்கள். விடுதலை செய்துவிட்டார்கள். அந்த மாவட்டத்து ஜூரி முறையை எதிர்த்துச் சங்கம் நடத்திய வழக்கில், கறுப்பினத்தாரை ஒதுக்குவதோடு பெண்களை ஒதுக்குவதும் தவறு என்ற வாதத்தை மர்ரேயும் கென்யனும் எழுதினார்கள். 1966-ல் நீதிமன்றம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

1971-ல் இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இறந்த மகனின் சொத்தை நிர்வகிக்கத் தாய்க்கும் தகப்பனுக்கும் சமத் தகுதி இருந்தாலும் ஆணுக்கே முதலிடம் என்றது ஐடஹோ மாநிலச் சட்டம். அதற்கு எதிரான வாதுரையை எழுதியவர்களில் முக்கியமானவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1993-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 2020-ல் மறைந்தவர். அவர் அந்த வாதுரையின் முகப்பில் மர்ரேயின் பெயரையும் கென்யனின் பெயரையும் சேர்த்தார். அந்த வாதுரையை அவர்கள் எழுதவில்லை. ஆனாலும் தான் நிற்பது அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்மேல் என்று சொல்ல அவர் கண்ட வழி அது. வழக்கிலும் ஜெயம் கிடைத்தது.

நிர்வாகக் குழுவின் மினிட்ஸ் புத்தகங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "தீர்மானிக்கப்பட்டது" என்று முடியும். யார் முதலில் எதிர்த்தார்? யார் மனம் மாறினார்? ஒரு மணி நேரம் தனியாக நின்று வாதாடியவர் என்ன விலை கொடுத்தார்? அது அந்த ஒரு வார்த்தைக்குள் புதைந்துபோகிறது. தோண்டி எடுக்க ஒரே வழி, அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்பதுதான்.

ஒலிநாடா சுழன்ற நாள்

வாய்மொழி வரலாற்றை ஒரு முறையான வேலையாக 1948-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் என்ற சரித்திர ஆசிரியர் தொடங்கினார். முன்னே முக்கியமானவர்கள் கடிதம் எழுதினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள். டெலிபோன் வந்தபின் பேசி முடித்துவிடுகிறார்கள். ஆகவே கேட்டு எழுதிவைக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்பது அவருடைய கவலை. 1973-ல் வட கரோலினா பல்கலைக்கழகமும் தென்மாநிலங்களுக்கென்று ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. பெரிய மனிதர்களை மாத்திரம் அல்ல, ஆலைத் தொழிலாளிகளையும் பெண்களையும் கேட்டார்கள்.

1976-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி, அந்தத் திட்டத்துக்காக ஜென்னா ரே மெக்நீல் என்ற சரித்திர ஆசிரியை பாலி மர்ரேயைப் பேட்டி கண்டார். மர்ரேக்கு வயது 65. 1938-ல் யாருக்குக் கதவை மூடியதோ, அவருடைய குரலையே 1976-ல் அந்தப் பல்கலைக்கழகம் தேடிப்போய்ப் பதிவுசெய்தது. இன்று அந்தப் பேட்டியையும் எழுத்துப்படியையும் யாரும் இணையத்தில் கேட்கலாம், வாசிக்கலாம். ஹார்வர்டும் அப்படியே. 1944-ல் சேர்க்க மறுத்த அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில்தான் அவருடைய கடிதங்களும் காகிதங்களும் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளில் பத்திரமாயிருக்கின்றன.

அந்தப் பேட்டியில் இன்னொரு விசேஷம் உண்டு. அது நடந்தபோது அவர் வாழ்க்கையின் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. 1973-ல் ரெனே பார்லோ என்ற அவருடைய நெருங்கிய சிநேகிதி மூளைக் கட்டியினால் மருத்துவமனையில் மரணப் படுக்கையில் கிடந்தார். குருவானவர் கிடைக்கவில்லை. மர்ரேதான் படுக்கையருகில் நின்று ஜெபித்தார். அந்த அனுபவத்துக்குப்பின், பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, அறுபது வயதைக் கடந்த நிலையில் இறையியல் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருடைய எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது. கிடைக்குமா என்று தெரியாமலே படித்தார்.

ஒலிநாடா சுழன்ற அந்த பிப்ரவரியிலும் அது தெரியாது. திருச்சபையின் பொது மாநாடு பெண்களின் அபிஷேகத்துக்குச் சம்மதித்தது அந்த வருஷம் செப்டம்பரில். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார். ஒலிநாடாவோ, முடிவு தெரியாமல் விசுவாசத்தில் நடக்கிற ஒரு மனுஷியைப் பிடித்துவைத்திருக்கிறது. சாட்சி என்று நாம் சொல்லுவது அதைத்தான் அல்லவா?

1977 ஜனவரி 8-ஆம் தேதி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அவர் குருவானவராக அபிஷேகம் பெற்றார். அந்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பேட்டி நடந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 1977 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, சேப்பல் ஹில்லின் சிலுவை ஆலயத்தில் தன் முதல் நற்கருணை ஆராதனையை நடத்தினார். பாட்டி கொர்னேலியா அடிமைப் பிள்ளையாக ஞானஸ்நானம் பெற்ற அதே சபை. பாட்டியின் வேதாகமத்தை வைத்து வாசித்தார். அதைத் தாங்கிய வாசிப்பு மேடையில் பொறித்திருந்த பெயர் மேரி ரஃபின் ஸ்மித். அன்று ஆலயத்துக்கு வந்தவர்கள், வெள்ளையரும் கறுப்பினத்தாரும், அவர் கையிலிருந்து அப்பத்தை வாங்கினார்கள். அந்தப் பாட்டி பேத்தியிடம் வாய்திறந்து பேசாமல் போயிருந்தால், அந்த ஞாயிறின் அர்த்தம் யாருக்கும் விளங்கியிராது.

ஆனால் ஒப்புரவு என்பது நடந்ததை மூடிவிடுவதல்ல. 1978-ல் அதே வட கரோலினா பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது, அவர் வாங்கவில்லை. நிறவேற்றுமையை முற்றிலும் நீக்கும்படி மத்திய அரசு கேட்ட திட்டத்துக்குப் பல்கலைக்கழகம் இணங்காதிருந்ததே காரணம். தன் குரலைக் கொடுத்தார்; பட்டத்தை மறுத்தார். கௌரவம் என்பது என்ன என்று இதில் நாம் கற்றுக்கொள்ளலாம். அவருக்கு உண்மையான கௌரவம் செய்தது, அவர் சொன்னதை வெட்டாமல் திருத்தாமல் வைத்திருக்கிற அந்த ஒலிநாடாதான்.

1985 ஜூலை 1-ஆம் தேதி அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சுயசரிதை 1987-ல், அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 2012-ல் அவருடைய திருச்சபை தன் பரிசுத்தவான்களின் நாட்காட்டியில் அவர் பெயரைச் சேர்த்தது. டர்ஹாமில் தாத்தா கட்டிய வீடு இடிபடும் நிலைக்கு வந்து, பின் காப்பாற்றப்பட்டு, 2016-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி பெற்றது. 2021-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில், அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய சொந்தக் குரலே கதை சொல்லுகிறது. மரித்து 36 வருஷம் ஆனபின்பும் தன் சாட்சியைத் தன் வாயாலேயே சொல்லுகிறார்.

நாம் என்ன செய்யலாம்?

அன்பானவர்களே, இதற்குப் பெரிய செலவு இல்லை. அந்நாளில் டேப் ரிக்கார்டர் வேண்டும். இன்று உங்கள் பையிலிருக்கும் செல்போனே போதும். ஆனால் ஆயத்தம் வேண்டும். கேட்கப்போகிறவர் முதலில் மினிட்ஸ் புத்தகங்களையும் பழைய கடிதங்களையும் படித்துக்கொண்டு போகவேண்டும். மின்விசிறிச் சத்தம் இல்லாத அறை வேண்டும். தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயரையும் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். "நல்ல நாட்கள் அல்லவா?" என்று பதிலை வாயில் வைத்துக் கேட்காதீர்கள். "அன்று என்ன நடந்தது? பிறகு?" என்று கேளுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் முக்கியமானது வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முதியவரைக் களைப்பாக்காமல், இன்னொரு நாள் போங்கள். பதிவை மூன்று பிரதி எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். எழுத்துப்படி தயாரித்து அவரிடமே காட்டுங்கள்.

அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்குவது அவசியம். யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று அவரே சொல்லட்டும். ஒரு பகுதியை இத்தனை வருஷம் மூடிவையுங்கள் என்று அவர் கேட்டால், மூடித்தான் வைக்கவேண்டும். வழக்கறிஞரானால் கூடுதல் கவனம் வேண்டும். கட்சிக்காரர் நம்பிச் சொன்ன இரகசியம் வழக்கோடு முடிந்துவிடுவதில்லை. நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அந்தக் கடமையை விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் அதைக் காக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும், கட்சிக்காரர் இறந்தபின்னும் அந்த இரகசியம் காக்கப்படவேண்டும் என்று 1998-ல் தீர்ப்பளித்தது. ஆகவே "இதைச் சொல்லமாட்டேன்" என்று அவர் சொன்னால், அதையும் மதித்துப் பதிவுசெய்யுங்கள். அதிலும் அவருடைய குணம் தெரியும்.

ஏற்கெனவே மறைந்துபோனவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவரோடு குழுவில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவருடைய குமாஸ்தா இருக்கலாம். அவர் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, வேறு யாருக்கும் தெரியாதது தெரியும். அவரோடு கருத்து வேறுபட்டவரையும் விடாமல் கேளுங்கள். புகழ்ச்சியை மாத்திரம் சேர்த்தால் அது மாலையாகும்; வரலாறு ஆகாது. ஐந்து பேர் சொன்னதை ஒத்துப்பார்த்து, மினிட்ஸ் புத்தகத்தோடும் ஒத்துப்பாருங்கள். பாலி மர்ரே தன் பாட்டியின் கதைக்குச் செய்தது அதுதான்.

வழக்கறிஞரோடு நிறுத்தவேண்டாம். முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், பிரசவ வார்டில் நின்ற ஆயா, கணக்கெழுதியவர், மாதந்தோறும் தவறாமல் மணியார்டர் அனுப்பிய தாயார், எல்லாரிடமும் ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் சபையில் எண்பது வயதைக் கடந்தவர் ஒருவரை இப்போதே மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்துக்குள் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ஒரு பெரியவரின் நினைவு அவரோடு கல்லறைக்குப் போனபின் எந்தக் காணிக்கையாலும் அதைத் திரும்ப வாங்கமுடியாது. கட்டடத்துக்கு நிதி திரட்ட இன்னும் காலம் இருக்கிறது. இதற்குக் காலம் குறுகியது. கர்த்தர் உங்களுக்குக் கேட்கும் செவியையும், அதற்கு வேண்டிய பொறுமையையும் தந்தருள்வாராக.